டி.சி. இல்லாவிட்டாலும் பெரியம்மா சேர்க்கலாம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தங்கை போன வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். ஆறே மாதத்தில் அவள் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, போனும் எடுப்பதில்லை. அவர்களின் ஒரே மகள், 11 வயது, என்னிடம் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்புவரை ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். ஃபீஸ் பாக்கி 14,000 ரூபாய் கட்டினால்தான் டி.சி. தருவார்களாம். இங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கப் போனால், டி.சி. வேண்டும், அப்பா கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வாருங்கள் என்கிறார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் கேட்டால், "தலைவர் பதவியே முடிஞ்சுபோச்சு, யார் கையெழுத்துப் போடறது?" என்கிறார் கிளார்க். அதிகாரிகளிடம் போனால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பையன், அங்கே இதையெல்லாம் கவுன்சிலே பார்த்துக்கொள்ளும் என்கிறான். நம் ஊரில் யார் பார்ப்பார்கள்? இன்னொன்று: புதிதாகப் பழகும் பிள்ளைகளிடம் "எங்க அம்மா பெங்களூர்ல வேலை செய்யறாங்க" என்று சொல்கிறாள். திருத்தவா, விடவா?

- பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பிள்ளை பள்ளியில் சேர்வது ஒன்று. அவள் சட்டப்படி யார் பொறுப்பில் இருக்கிறாள் என்பது இன்னொன்று. இரண்டாவது முடிந்தால்தான் முதலாவது என்று பள்ளிக்கூடம் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பள்ளி நாளைக்கே நடக்க வேண்டியது. மற்றதற்குச் சில வாரங்கள் ஆகலாம், ஆகட்டும்.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் "பாதுகாவலர்" என்றால் யார் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர். கோர்ட் நியமித்தவரும் அதில் அடக்கம். ஆனால் கோர்ட் நியமித்தவர் மட்டும்தான் என்று இல்லை. சோறு போட்டுத் தலை வாரிவிட்டு அழைத்து வந்திருக்கும் பெரியம்மா, அந்தச் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர்தான். கையெழுத்து நீங்கள் போடலாம். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. மூன்றுமே அதே சட்டத்தில் இருக்கின்றன, 6 முதல் 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும். அவளுடைய ஆதாரில் ஓசூர் முகவரி இருக்கிறதே என்று அடுத்து ஆரம்பிப்பார்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது தலைமையாசிரியர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்? கெட்ட எண்ணம் இருக்காது. எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தபோது, செங்கல் சூளையிலிருந்து ஒரு தாத்தா பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். டி.சி. எங்கே என்றேன். போனார். மறு வாரம் வந்தார், ரேஷன் கார்டைக் காட்டினார். அது போதாது என்றேன். மூன்றாம் முறை வந்தபோது மதியமாகிவிட்டது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பையன் வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்துணவு அமைப்பாளர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "டீச்சர், ஒரு தட்டு கூட வெக்கட்டுங்களா? கணக்குல எப்படிக் காட்டறது?" என்று கேட்டார். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் இருந்ததைவிட ஒரு தட்டு கூடுதல். அந்த ஒரு தட்டுக்குக் கணக்கு சொல்ல முடியாமல்தான் மறுநாள் காலையில் அவன் பெயரை எழுதினேன், ஒரு தாளும் இல்லாமல். தணிக்கையில் மாட்டிக்கொள்வேன் என்று ரொம்ப நாள் பயம். எட்டாம் வகுப்பு முடித்து அவன் போகும்வரை அந்த டி.சி.யை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தத் தாத்தாவை மூன்று முறை வெயிலில் நடக்கவிட்டதுதான் மிச்சம்.

ஆகவே சண்டைக்குப் போகாதீர்கள், எழுத்தில் போங்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்: "நான் இன்னாரின் பெரியம்மா. இவளுடைய தாய் இறந்துவிட்டார், தந்தை கைவிட்டுப் போய்விட்டார். இவள் என் பராமரிப்பில் இருக்கிறாள். ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்." அந்தக் கடைசி வரியைப் பார்த்தவுடன் பாதிப் பேர் சேர்த்துக்கொள்வார்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அடுத்த படி வட்டாரக் கல்வி அலுவலர். அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு ஒரு போன். கையோடு அவளுடைய எமிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறை தரும் அடையாள எண்ணை, கொண்டுபோங்கள். ஓசூர்ப் பள்ளியின் பழைய ரேங்க் கார்டிலோ அடையாள அட்டையிலோ இருக்கும். தமிழ்நாட்டுக்குள் பள்ளி மாறும் பிள்ளையின் விவரம் அந்த எண்ணோடுதான் நகர்கிறது. பழைய பள்ளி அதை விடுவிக்காமல் வைத்திருந்தால், கேட்டு வாங்க வேண்டியது கல்வித் துறை, நீங்கள் இல்லை.

அந்த 14,000 ரூபாயைக் கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் அப்படி நினைக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது. ஃபீஸ் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருப்பதை டி.சி.யில் எழுதவும் கூடாது. பாக்கி உண்மையாகவே இருந்தால் பள்ளி அதைத் தகப்பனிடம் சட்டப்படி கேட்கட்டும். பிள்ளையின் தலையில் கட்ட முடியாது.

இப்போது பஞ்சாயத்து. உங்கள் கிளார்க் சொல்வது பாதி உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் தலைவர் போனதால் ஊராட்சி செத்துப்போகவில்லை. தலைவர் இல்லாத காலத்தில் அந்தப் பொறுப்பு தனி அலுவலருக்குப் போகிறது. கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) போய்க் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் உள்ளாட்சி அமைப்பின் மேல் ஏற்றிவைத்திருக்கும் கடமைகளைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பதிவேடு வைக்க வேண்டும், அவர்கள் சேர்ந்தார்களா, வருகிறார்களா, முடித்தார்களா என்று பார்க்க வேண்டும், பிழைப்புக்காக இடம் மாறி வரும் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். இந்த உரிமைகள் பற்றிய புகாரை எழுத்தில் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியதும் உள்ளாட்சி அமைப்புதான். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. நம் ஊர்க்காரர்களுக்குப் பஞ்சாயத்து என்றால் தெருவிளக்கும் குடிதண்ணீரும் நூறு நாள் வேலையும்தான். பள்ளிக்கூட விஷயத்தை அங்கே கொண்டுபோகிறவர் அபூர்வம். கேட்டவர் இல்லாததால் கிளார்க்குக்கும் தெரியவில்லை.

ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்றும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் எல்லாம் அதில் இருப்பார்கள். பல ஊர்களில் அது தீர்மான நோட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்பது என் அனுபவம். எனக்கு அதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்பிக்கை அதிகம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப் பேர் பெண்கள். அவள் சேர்ந்த பிறகு அந்தக் குழுவில் உட்கார உங்களுக்கும் தகுதி உண்டு.

இங்கிலாந்துப் பையன் சொன்னது சரிதான். அங்கே பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைக்கு உள்ளூர் கவுன்சிலே பொறுப்பு. வளர்ப்புக் குடும்பத்தைப் பார்த்து வைப்பதும் மேற்பார்வை செய்வதும் அவர்கள் வேலை. அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் இடத்துக்குப் போட்டி வந்தால், கவுன்சில் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு முதல் வரிசை. நம் நாட்டில் அந்த வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிச் சேர்க்கையைக் கண்காணிப்பது உள்ளாட்சியின் பங்கு. பிள்ளை யாரிடம் வளரலாம் என்று முடிவு செய்வது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் உங்களைப் போன்றவர்கள் அலைவதற்குக் காரணம்.

அந்தக் குழு 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமைந்தது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். அவள் இப்போது வசிப்பது உங்கள் வீட்டில் என்பதால் தருமபுரியில் ஆரம்பியுங்கள்; ஓசூர் பிள்ளை, கிருஷ்ணகிரிக்குப் போ என்று யாராவது கைகாட்டினால் திரும்பி வந்துவிடாமல் அதற்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 1098-க்கு அடித்தால் சொல்வார்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். வளர்க்க முடியாத பெண் சிசுவை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அரசாங்கத்திடம் கொடுத்த பிள்ளை திரும்பாது என்ற நினைப்பு நம் பக்கத்தில் அதிலிருந்து ஊறியதாக இருக்கலாம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது நேர் எதிர்: இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாக. வீட்டுக்கு ஒருவர் விசாரிக்க வருவார். எங்கே படுக்கிறாள், யார் யார் இருக்கிறீர்கள், பள்ளிக்குப் போகிறாளா என்று பார்ப்பார். அவளிடம் தனியாகப் பேசுவார். ஓட்டு வீடாக இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்பட வேண்டாம். பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பதைத்தான் குறித்துக்கொள்வார். பள்ளியை முதலில் முடியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாள் எதற்கு, பிள்ளை பாட்டுக்கு வளரட்டும் என்றால், ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து அந்தத் தகப்பன் வந்து, "என் பொண்ணு, கூட்டிட்டுப் போறேன்" என்று வாசலில் நிற்கிறார், பின்னால் ஒரு மாப்பிள்ளை வீடும் நிற்கிறது. நம் இரண்டு மாவட்டத்திலும் இது கற்பனை இல்லை என்று உங்களுக்கே தெரியும். அப்போது குழுவின் உத்தரவு கையில் இருந்தால் காவல் நிலையத்தில் உங்கள் பேச்சு எடுபடும். ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு "ஒப்படைத்தேன்" என்று யாராவது எழுதித் தருகிறேன் என்றால் அந்தக் காசை மிச்சம் பண்ணுங்கள்.

பண உதவிக்கும் அந்தக் குழந்தைகள் நலக் குழுவிடமே கேளுங்கள். உறவல்லாத குடும்பத்தில் குழந்தையை வைப்பதைத்தான் பெரும்பாலும் வளர்ப்புப் பராமரிப்பு என்கிறார்கள். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு நிதி ஆதரவுத் திட்டம், மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டினால் 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தைக் கேளுங்கள், மாதம் 2,000. தாயை இழந்து தந்தையும் கைவிட்ட பிள்ளைகள் அந்தப் பட்டியலில் உண்டு. தங்கையின் இறப்புச் சான்று மட்டும் கையில் இல்லையென்றால் இந்த வாரமே ஓசூருக்குப் போய் வாங்கிவிடுங்கள். ராயக்கோட்டை வழியாக ஒரு பஸ் தூரம்தானே.

அம்மா பெங்களூரில் இருக்கிறாள் என்று சொல்கிறாள் அல்லவா, அதை விட்டுவிடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அம்மா உண்மையிலேயே பெங்களூரில்தான் இருக்கிறாள். கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பதிலை அந்தக் குழந்தை தானே தேடி எடுத்திருக்கிறாள். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லி வையுங்கள், பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "அம்மா வரலையா?" என்று அவர் கேட்டுவிடாமல் இருக்க. பெரியம்மா என்றே கூப்பிடட்டும், அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்காதீர்கள்.

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு இறக்கிவிட்டோமே என்று உங்களுக்குள் ஒரு குறை இருந்தால், ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கின்றன. இரண்டுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான், அதனால் தாமதிக்காதீர்கள். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் பள்ளியிலேயே தருவார்கள். கடையில் எதையும் வாங்கிவிடாதீர்கள். ஒரு தட்டு மட்டும் பெயர் பொறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.