வாசகர் கேள்வி பதில்: ‘2+’ என்ற குறிப்பும் காப்பீட்டு மறுப்பும்

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் அரசுக் காப்பீட்டில் தடையின்றி அனுமதி கிடைத்தது. அடுத்து ட்ராஸ்டுசுமாப் ஊசிக்கு மருத்துவமனை விண்ணப்பித்தபோது, ‘உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை’ என்று மறுத்துவிட்டார்கள். நோயியல் அறிக்கையில் ‘ஹெர்-2: 2+’ என்று இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாமா, கைக்காசைப் போட்டு ஊசியைத் தொடங்கிவிடலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் அந்த ‘2+’ என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஹெர்-2 என்னும் புரதம் புற்றுச் செல்களின் மேல் மிகுதியாக இருந்தால்தான் ட்ராஸ்டுசுமாப் பயன் தரும். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காடு வரைதான் அந்த வகையைச் சேர்ந்தவை. திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில் 0 அல்லது 1+ வந்தால் இல்லை என்றும், 3+ வந்தால் உண்டு என்றும் கொள்வார்கள். 2+ இரண்டுங்கெட்டான் நிலை. அதைத் தீர்க்க, அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் எண்ணிக்கையைக் கணக்கிடும் ‘ஃபிஷ்’ சோதனை தேவைப்படுகிறது. ஆகவே காப்பீட்டு அதிகாரி கேட்டிருப்பது பெரும்பாலும் இந்த அறிக்கையைத்தான். அக்காவுக்கு மீண்டும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டியிராது. ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக்கட்டியே பொதுவாகப் போதும்.

முடிவு ‘உண்டு’ என வந்தால், அந்த அறிக்கையோடு இதய எக்கோ அறிக்கையையும், அளவும் தவணைகளும் குறிக்கப்பட்ட மருத்துவரின் சிகிச்சைத் திட்டத்தையும் சேர்த்து, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு வழியாக மறுபடி விண்ணப்பியுங்கள். ‘இல்லை’ என வந்தால் மேல்முறையீட்டுக்கும் வேலையில்லை, செலவுக்கும் வேலையில்லை. அவருக்கு உரிய சிகிச்சை வேறு என்று பொருள்.

கைக்காசு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த ஊசி பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஓராண்டு வரை தொடர்வது. முன் அனுமதி கட்டாயமான திட்டங்கள் பலவற்றில், அனுமதிக்கு முன் செய்த செலவு திரும்பக் கிடைப்பதில்லை. தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் கருதினால், அதை அவர் கைப்பட எழுதி வாங்கி அவசரப் பரிசீலனை கேளுங்கள். ‘வந்துவிடும், கவலைப்படாதீர்கள்’ என்று தொலைபேசியில் கிடைக்கும் ஆறுதலுக்குக் கோப்பில் இடமில்லை.

எல்லா ஆதாரமும் கொடுத்த பிறகும் ‘மருந்து பட்டியலில் இல்லை’ என்று மறுத்தால், அப்போதுதான் மேல்முறையீடு. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே ட்ராஸ்டுசுமாபை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதை மனுவில் குறிப்பிடலாம். மூல மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனங்கள் தயாரிக்கும், விலை குறைந்த பயோசிமிலர் வகைக்கு அனுமதி தருவதாகச் சொன்னால், மருத்துவர் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவை பெரும்பாலும் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணுவார்கள். ஃபிஷ் முடிவுக்குக் காத்திருந்து அதைக் கடத்திவிடாமல், ‘கூடுதல் அறிக்கை பின்னர் வரும்’ என்று இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் அது சில தவணைகளுக்கு மட்டுமே இருக்கக்கூடும். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொருமுறை எக்கோ எடுப்பார்கள். அந்த அறிக்கை புதுப்பிப்பு நாளுக்கு முன்பே கையில் இருக்குமாறு தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.