381654729: கேளுங்கள், சொல்கிறேன்

சாட்ஸ்வொர்த் அக்கா: இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது தம்பி?

1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒரு முறை வருகிறது அக்கா. அதோடு, முன்னாலிருந்து எத்தனை இலக்கம் எடுத்தாலும் அத்தனையால் மீதியில்லாமல் வகுபடும்: 38 இரண்டால், 381 மூன்றால், 3816 நான்கால், இப்படியே முழு எண் ஒன்பதால். போனில் 3816547ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள், 545221 என்று சுத்தமாக வரும். இந்த ஒன்பது இலக்கங்களை எப்படி அடுக்கினாலும் இந்தக் குணம் உள்ள எண் இது ஒன்றுதான்.

டொங்காட்டிலிருந்து ஒருவர்: கூட்டினால் 9 வருகிறதே, ராசியான எண்ணா? வண்டி நம்பருக்கு வாங்கலாமா?

1 முதல் 9 வரை கூட்டினால் 45, அதைக் கூட்டினால் 9. எந்த வரிசையில் எழுதினாலும் அதேதான், அதனால் ராசி பார்க்க இதில் ஒன்றுமில்லை.

ஃபீனிக்ஸ் தங்கை: கம்ப்யூட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா அண்ணா? கிரேடு 7 பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.

தாராளமாக முடியும்மா, காட்டவேண்டியதே இதைத்தான். மொத்தம் 362880 அடுக்குகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. 0 கிடையாது என்பதால் ஐந்தாம் இடத்தில் 5தான் வரும். இரட்டைப்படை இடங்களில் 2, 4, 6, 8 உட்கார்ந்துவிடும், மீதி இடமெல்லாம் ஒற்றைப்படை. மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படை, அதனால் நான்கால் வகுபட வேண்டும் என்றால் நான்காவது இலக்கம் 2 அல்லது 6தான். அப்புறம் 3, 6 விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் நடு மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட வேண்டும், ஆக நடுவில் 258 அல்லது 654, வேறு வழியே இல்லை! 8ஆல் வகுபடும் விதியையும் போட்டால் பத்தே பத்து எண்கள் மிஞ்சும், அவற்றை 7ஆல் வகுத்துப் பார்க்கப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: இலக்கம் திரும்ப வரலாம் என்றால் இது முடிவில்லாமல் நீளுமா அண்ணே?

நீளாது. 0ஐயும் சேர்த்துக்கொண்டாலும் கடைசியில் சேர்க்க எப்போதும் பத்து இலக்கங்கள்தான் இருக்கின்றன, வகுக்கும் எண்ணோ பெரிதாகிக்கொண்டே போகிறது. 20ஆம் இடத்துக்கு வரும்போது சராசரியாகப் பாதி எண்களுக்குத்தான் அடுத்த இலக்கம் கிடைக்கும். அப்படித் தேய்ந்து தேய்ந்து 25 இலக்கத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது: 3608528850368400786036725. 26ஆவதாக எதை ஒட்டினாலும் 26ஆல் வகுபடாது.

லெனேஷியா ஐயா: நம் தென்னாப்பிரிக்காக்காரர் யாராவது இப்படி ஓர் எண்ணுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களா?

இருக்கிறார் ஐயா, கேப்டவுனில் கற்பித்த ஸ்டான்லி ஸ்கியூஸ். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்று மதிப்பிடும் சூத்திரம் ஒன்று, எண்ணிப் பார்த்த இடத்திலெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. எங்கோ ஓரிடத்தில் அது குறைத்துக் காட்டும் என்று 1914இல் லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயக் கணிதர் நிரூபித்தார், எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை. ரீமான் கருதுகோள் என்று பகா எண்கள் பற்றி இன்னும் நிரூபிக்கப்படாத ஓர் ஊகம் உண்டு, அது சரி என்று வைத்துக்கொண்டு 1933இல் ஸ்கியூஸ் அந்த இடத்துக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தார், அதுதான் ஸ்கியூஸ் எண். அதை இலக்கம் இலக்கமாக எழுத உலகத்துக் காகிதம் போதாது. பின்னால் வந்தவர்கள் அதை வெறும் 317 இலக்க எண் வரை இறக்கிவிட்டார்கள், ஆனால் சூத்திரம் முதன்முதலில் குறைத்துக் காட்டுவது சரியாக எந்த எண்ணில் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.