மெஷினுக்கு முன்னால் ஆள்

கேள்வி: அமெரிக்காவின் தென்பகுதியில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருக்கிறேன். எல்லாத் துறைகளுக்கும் பொதுவான மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கான்ஃபோகல் நுண்ணோக்கி (லேசரால் செல்களை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) வேண்டும் என்று சிலரும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காண்பது) வேண்டும் என்று சிலரும் நிற்கிறார்கள். முதலில் எதை வாங்குவது? பணத்துக்கு எங்கே போவது? கட்டணம் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு ஃப்ளோ சைட்டோமீட்டர், அதாவது செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் கருவி, ஒரு வருஷத்துக்கும் மேல் துணி போர்த்திக் கிடந்தது. பழுது ஒன்றுமில்லை. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அவ்வளவுதான்.

உங்களைப் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு செமஸ்டருக்கு மூன்று, நான்கு பாடம் எடுக்கும் பேராசிரியர், எப்போது உட்கார்ந்து லேசர்களைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்வார்? போஸ்ட்டாக்குகளும், அதாவது முனைவர் பட்டம் முடித்துவிட்டு லேபில் ஆய்வு செய்பவர்களும், குறைவு. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஒருமுறை பயிற்சி கொடுத்துவிட்டு, இனி நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடலாம். உங்கள் இடத்தில் ஆய்வு மாதிரியை (ரத்தம், செல் போன்றவற்றை) வாங்கி, ஓட்டி, முடிவைப் படித்துச் சொல்லி அனுப்பும் முழுநேர ஆள் வேண்டும். அவருடைய சம்பளம் மானியத்தில் தொங்காமல், பல்கலைக்கழக பட்ஜெட்டில் நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும். ஆராய்ச்சித் துணைத்தலைவரிடம் இதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம்.

எதை வாங்குவது என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்யாதீர்கள். கூட்டத்தில் குரல் பெரிதாக இருப்பவர்தான் ஜெயிப்பார். கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் ஆட்கள் வெளியே எங்கே, எதற்காக மாதிரிகளை அனுப்பினார்கள், எவ்வளவு பில் கட்டினார்கள் என்று கணக்கு அலுவலகத்தில் கேட்டு எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு லேபாக ஏறி இறங்குங்கள். சும்மா கிடக்கும் கருவிகள் நிச்சயம் அகப்படும். அவற்றை ஒரே அறையில் சேர்த்து, முன்பதிவு அட்டவணை ஒன்று வைத்தாலே ஆய்வுக்கூடம் தொடங்கிவிட்டது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை என் பேச்சைக் கேட்டுக் கடைசியில் வையுங்கள். நைட்ரஜன், வாயு வெளியேற்றம், நாள் முழுக்க இரையும் பம்பு, அதோடு தனியாக ஒரு நிபுணர் என்று அதற்கு நிறைய வேண்டும். வாரத்துக்கு ஐந்து மாதிரி வரும் இடத்துக்கு அது யானை கட்டித் தீனி போடும் கதை.

பக்கத்து ஊரில் இருப்பதை இங்கேயும் வாங்க வேண்டியதில்லை. டென்னஸி மாநிலத்து நாஷ்வில்லில் கறுப்பினத்தவரின் மருத்துவக் கல்லூரியான மெஹாரியும் பெரிய பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட்டும் 1999-ல் கூட்டணி அமைத்துக்கொண்டன. நீங்களும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றோடு கை கோக்கலாம். ஆனால் மாதிரிகள் யாருடையவை, கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய இடத்தோடு சேரும் சின்ன இடம் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பணம். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.-இன் ஆர்.சி.எம்.ஐ. (சிறுபான்மையினர் நிறுவனங்களில் ஆராய்ச்சி மையங்கள்) திட்டத்தை 1985-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கென்றே தொடங்கியது. கருவியும் கட்டமைப்பும் மட்டுமல்லாமல் இளம் ஆய்வாளர்களை வளர்ப்பதும், சுற்றியுள்ள சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்வதும் அதில் அடங்கும். எல் பாஸோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல்லைப்புற உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையம் அந்தப் பணத்தில் வளர்ந்ததுதான்; அங்கே பொதுக் கருவிகள் எல்லாம் ஒரே மையத்தின் கீழ் இருக்கின்றன. கருவிக்கு மட்டும் என்றால் என்.ஐ.எச்.-இன் எஸ்-10 மானியங்கள் உண்டு. ஆனால் கருவியை இயக்குபவரின் சம்பளம் அதில் வராது, பல்கலைக்கழகத்துக்கு மேல்செலவுப் பங்கும் (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவற்றுக்கான தொகை) கிடையாது. கையிலேயே இருந்தும் பலர் மறந்துவிடும் ஒரு வழி, உயர்கல்விச் சட்டத்தில் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கென்றே நிதி தரும் மூன்றாம் தலைப்பு, பி பகுதி. அந்த நிதியில் ஆராய்ச்சிக்கான ஆய்வகக் கருவிகளும் வாங்கலாம். திட்டங்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பம் எழுத உட்காரும் முன் அந்தந்தத் திட்ட அலுவலருக்கு ஒரு போன் போடுங்கள்.

கட்டணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். ஒரு கருவியின் சர்வீஸ் கான்ட்ராக்டுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் (பொதுவாக விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்), பொருட்களுக்கு 5,000, ஆளின் சம்பளத்தில் இதற்கான பங்கு 30,000. மொத்தம் 60,000. ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடினால் மணிக்கு 100 டாலர். உங்கள் ஆட்களால் அது முடியாது. பல்கலைக்கழகம் 42,000 போட்டால் மணிக்கு 30 ஆகிறது. அந்த 42,000-ஐ ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். பயன்படுத்துவோர் குறைவாக உள்ள இடத்தில் கட்டணத்தை மட்டும் நம்பி ஆய்வுக்கூடம் ஓடாது.

கூட்டாட்சி மானியச் செலவு விதிகளில் 200.468-வது பிரிவைப் படித்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கட்டணம். டீனின் நண்பருக்கு இலவசம், மானியம் வைத்திருப்பவருக்கு மட்டும் பில் என்பதெல்லாம் தணிக்கையில் மாட்டும். லாபம் வைக்கக் கூடாது, குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டணத்தைத் திருத்த வேண்டும். கூட்டாட்சிப் பணத்தில் வாங்கிய கருவியின் தேய்மானத்தைக் கட்டணத்தில் சேர்க்கவும் முடியாது. வெளி நிறுவனங்களிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, அறை. கான்ஃபோகலுக்கு அதிர்வும் வெப்ப ஏற்ற இறக்கமும் ஆகாது. லிஃப்டுக்குப் பக்கத்து அறையைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைனஸ் 80 ஃப்ரீசர்கள் அறையைச் சுட வைக்கும், ஏ.சி. தாங்குமா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று பாருங்கள். கட்டடப் பராமரிப்பு அலுவலரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகு நிலைக்கதவைப் பெயர்த்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.