லினக்ஸ் சர்வரில் சும்மா கிடக்கும் லாகினைத் தானாக வெளியேற்றுவது எப்படி?

எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அமைப்பில் 'க்ளையன்ட்அலைவ்இன்டர்வல் 300' (300 வினாடிக்கு ஒருமுறை சோதி) என்று போட்டும் யாரும் வெளியேறவில்லை என்கிறீர்கள். நானும் இதே இடத்தில்தான் மாட்டினேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் அதை 300 என்றும், 'க்ளையன்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ்' (பதில் வராத எத்தனை சோதனை வரை பொறுப்பது) என்பதை 0 என்றும் வைத்திருந்தோம். சர்வரில் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) 18.04 இருந்தவரை, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். அப்புறம் 20.04-க்கு மாறினோம். சில வாரம் கழித்து வேறு எதற்காகவோ யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'டபிள்யூ' கட்டளை கொடுத்தால், ஐடில் (சும்மா கிடந்த நேரம்) பத்தியில் ஒரு லாகினுக்கு நேரே '6டேஸ்' என்று நிற்கிறது. அதுவும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் லாகின்! எந்த மேசையில் அந்த லேப்டாப் திறந்து கிடக்கிறதோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது.

20.04-இல் எஸ்எஸ்ஹெச் சேவையைத் தரும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2-இல் (2020) அந்த 0-வுக்கு அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள். முன்பு, முதல் சோதனையிலேயே அறுத்துவிடு என்று பொருள். இப்போது, அறுக்கவே அறுக்காதே என்று பொருள். அதை 3 என்று வைத்தாலும் உங்கள் வேலை நடக்காது. மறுமுனைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத்தான் அந்த அமைப்பு. ஆள் டீ குடிக்கப் போனாலும் அவருடைய லேப்டாப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது, கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லின் 'டிஎம்அவுட்' மாறி. 'டைம்அவுட்'டில் ஐ, இ இரண்டையும் எடுத்துவிட்டு எல்லாம் பெரிய எழுத்து. ஈடிசி அடைவுக்குள் 'ப்ரொஃபைல்.டி'யில் ஒரு கோப்பு போட்டு அதில் 900 என்று கொடுங்கள். கணக்கு வினாடியில், அதாவது 15 நிமிடம். 'ரீட்ஒன்லி' (மாற்ற முடியாதபடி) என்றும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது 0 போட்டு நிறுத்திவிடுவார்கள். தெரிந்தவர்கள் புதிதாக ஒரு ஷெல்லைத் திறந்து அதையும் தாண்டலாம். மறதிக்கு இது போதும், வேண்டுமென்றே செய்பவருக்குப் போதாது.

ஒன்றைக் கவனியுங்கள். ஷெல் அடுத்த கட்டளைக்காக ப்ராம்ப்ட்டில் காத்திருக்கும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு ஓடும். விம் எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் வெளியேற்றாது. அதற்கு சர்வரின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 252 முதல், லாகின்களைக் கவனிக்கும் 'லாகின்ட்' அமைப்புக் கோப்பில் 'ஸ்டாப்ஐடில்செஷன்செக்' இருக்கிறது. டெபியன் 12 லினக்ஸில் கிடைக்கும். ஆனால் அது திறந்திருக்கும் வேலையோடு சேர்த்தே மூடும் என்பதால், போடுவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

முதலில் 60 வினாடி வைத்து உங்கள் லாகினிலேயே சோதித்துப் பாருங்கள். ப்ராம்ப்ட்டில் கையை எடுத்துவிட்டு உட்காருங்கள்; 'ஆட்டோ-லாக்அவுட்' என்று ஒரு வரி வந்து ஷெல் மூடினால் சரி.