சோலார் கூடினால் கரண்டு ஆடுமா? பினாங்கு வாசகர்களுக்குப் பதில்

மின் கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கூரைக்குக் கூரை சோலார் ஏறும் இந்த நேரத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஆயர் ஈத்தாம்: அண்ணே, நல்ல வெயில் அடிக்கும்போதுதான் தெருவில் கரண்டு போனது. கூரையில் பத்துத் தகடு இருந்தும் மின்விசிறி ஓடவில்லை. ஏன்?

பழுது இல்லை, அக்கா. லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் பழுது பார்ப்பவர் கம்பியில் கை வைக்கிறார். உங்கள் கூரையிலிருந்து அதில் கரண்டு போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி தானே நின்றுவிடும். பேட்டரியும், வீட்டை லைனிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் சேர்த்துப் போட்டால் ஓடும்.

பட்டர்வொர்த்: ஐயா, சோலார் கூடினால் கட்டமைப்பு ஆட்டம் காணும் என்கிறார்களே?

மாவு அரைக்கும் கிரைண்டரைப் பாருங்கள். சுவிட்சை அணைத்தாலும் கல் சில சுற்று சுற்றித்தான் நிற்கும். பிறையில் கேஸ், கெனியிரில் அணைத் தண்ணீர், எதில் ஓடினாலும் ஜெனரேட்டர்கள் அப்படிப்பட்ட கனமான கற்கள்தான். எல்லாம் 50 ஹெர்ட்ஸில், அதாவது கரண்டு விநாடிக்கு 50 முறை ஆடும்படி, ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. எங்காவது ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், மற்றவற்றின் சுழற்சி சில விநாடி தாங்கிப் பிடிக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்ட வேண்டும். திரையில் 49.9, 49.8 என்று எண் இறங்கும்போது அறையில் யாரும் பேசமாட்டோம். 49.5-க்குக் கீழே போகவிடக் கூடாது.

சோலாரில் அந்தக் கல் கிடையாது. அதனால் எண் வேகமாகச் சரியும். இதற்கு மருந்து இருக்கிறது. தென் ஆஸ்திரேலியா 2016-இல் மொத்தமாக இருண்டது. அடுத்த வருடமே 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். அது ஒரு விநாடிக்குள் கரண்டைக் கொட்டும். எரிபொருள் இல்லாமல் சுற்றும் இயந்திரங்களும் உண்டு, மாவு போடாமல் கல்லை மட்டும் ஓடவிடுவது மாதிரி. இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்கினால்தான் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. 1996 ஆகஸ்ட் 3-இல், திரெங்கானுவின் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு மலேசியத் தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. அப்போது இங்கே கூரைச் சோலார் ஏது?

ஜெலுத்தோங்: அப்படியானால் ஸ்பெயின் இருண்டதற்குச் சோலார் காரணமில்லையா?

2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் இருண்டதற்கு, மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறியதும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றதும் காரணம். அழுத்தத்தை அடக்கும் வேலையை அங்கே சோலார் நிலையங்களிடம் முழுதாக ஒப்படைக்கவில்லை. செய்ய முடியாது என்பதில்லை, விதி கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸ்: உச்சி வெயிலில் என் இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்கிறது.

இதுவும் அழுத்தம்தான், தம்பி. தெரு முழுக்கச் சோலார் இருந்து, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் எல்லாக் கூரையும் வெளியே தள்ளினால் வோல்ட் ஏறும். நம் நாட்டில் 230. மேல் எல்லை 253. அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நண்பகல் 12 முதல் 2 மணிக்குள் இன்வெர்ட்டர் திரையில் வோல்ட் எண்ணைப் படம் எடுத்து, மின் நிறுவனமான தெனாகாவிடம் காட்டி டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை துணி துவைப்பதை மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள்.