நாத்திகனுக்குக் கோயிலில் என்ன வேலை?

"கடவுள் நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். ஆனால் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு கோயிலில்தான் நிற்கிறீர்கள். இது இரட்டை வேடம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, பரவாயில்லை. அலுவலகத்திலும் சொந்தக்காரர் கல்யாணங்களிலும் இதைவிடக் காரமாகவே கேட்டிருக்கிறார்கள்.

நான் போவது கருவறைக்கு அல்ல, அதன் வெளிச்சுவருக்கு.

பிழைப்புக்கு வங்கியில் கடன் பிரிவு. நகைக்கடன், பயிர்க்கடன், வட்டி, வாரிசுச் சான்று, ஜாமீன் கையெழுத்து, இதுதான் என் நாள். ஏறக்குறைய பதினைந்து வருடங்களுக்கு முன்பு தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அச்சில் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதில் பக்தியைவிடக் கணக்கு அதிகம்! ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். பொலிசை என்றால் வட்டி. இன்றைக்கு எங்கள் கிளையில் பயிர்க்கடன் 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் அதிலும் தள்ளுபடி உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு சபை அந்த அரைக்கால் காசை எப்படிக் கட்டியிருக்கும், கட்டாதபோது யார் வாசலில் போய் நின்றிருப்பார்கள் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோயில் பிடித்தது அப்படித்தான்.

அந்தக் கோயிலில் ஆடவும் பாடவும் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆளுக்கு நூறு கலம் நெல். நாவிதர், தையற்காரர், வண்ணார், கணக்கர் என்று மற்றவர்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறது. ஒருவர் செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவுக்குப் போகும். ஆனால் அந்த உறவுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவரை அமர்த்த வேண்டும். எங்கள் கருணை வேலை விதிகளை எழுதியவர்கள் இதைப் படித்திருக்கலாம்.

விளக்குக் கணக்கு இன்னும் அழகு. நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய 96 ஆடு கொடுப்பார்கள். சில ஊர்களில் 90. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு இவற்றை "சாவா மூவாப் பேராடு" என்கிறது. ஏதோ வரம் வாங்கிய ஆடுகள் என்று நினைக்க வேண்டாம். செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டிகளை வளர்த்து, தலைக்கணக்கு 96-இலிருந்து குறையாமல் பார்ப்பது இடையர் பொறுப்பு. முதல் குறையக் கூடாது, வட்டி மட்டும் நெய்யாக வந்துகொண்டிருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு? "சந்திராதித்தவற்", சந்திரனும் சூரியனும் உள்ளவரை. நாங்கள் பத்து வருட வைப்புக்கே தயங்கித் தயங்கி வட்டி சொல்கிறோம்.

சரி, நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டை யார் காவல் காப்பது? போலீஸ் கிடையாது, பதிவு அலுவலகம் கிடையாது. அங்கேதான் சாமி வருகிறார். "இது பன்மாஹேஸ்வர ரக்ஷை" என்று அடியார்கள் பொறுப்பில் விட்டு முடிப்பார்கள். பிற்காலக் கல்வெட்டுகளில் இதைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் வரும். எனக்குச் சாபத்தைவிட இன்னொரு வரிதான் மனதில் நிற்கும்: இந்தத் தர்மத்தைக் காப்பாற்றியவன் பாதம் என் தலை மேல். கொடுத்தவன், தான் செத்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு வரப்போகும் முகம் தெரியாத ஒருவன் காலில் முன்கூட்டியே விழுகிறான். நான் சாமி கும்பிடுவதில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது கேலி செய்ய வாய் வருவதில்லை.

இதனால் என் நாத்திக நண்பர்களுக்கு என் மேல் சலிப்பு. பக்தியுள்ள நண்பர்களுக்கோ வேறு விதத்தில் கோபம். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம், தரையில் விழுந்து கிடக்கும் நிழலைப் படம் எடுத்துப் போடுவேன். பெரிய நந்தி ராஜராஜன் வைத்தது அல்ல, நாயக்கர் காலத்தது என்று சொல்வேன். இரண்டு மாமாக்கள் இப்போது பேசுவதில்லை.

பொற்காலம் என்ற பேச்சும் எனக்கு ஒத்துவராது. அதே ராஜராஜன் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், தீண்டாச்சேரி என்ற சொல் வருகிறது. எந்த உணர்ச்சியும் இல்லாமல், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று எழுதுகிற அதே கை அதையும் எழுதிக்கொண்டு போகிறது. திருப்பாம்புரத்தில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது. ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கே விற்றுக்கொள்கிறார். என் மேசைக்கு முன்னால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு எடை போடுவதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் பெண்கள் வரும் நாளில் இந்த 110 காசு நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் கோயில்தான் களஞ்சியம், கோயில்தான் வங்கி, கோயில்தான் ஆள் வாங்கும் இடமும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமைப்படவும் முடியாது, திட்டவும் முடியாது.

அலுவலகத்தில் ஆயுத பூஜையன்று என்ன செய்வேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணினிக்கும் பணம் எண்ணும் இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நான் பொரி, கடலை, சர்க்கரை கலந்து பொட்டலம் கட்டும் வேலையில் இருப்பேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கிளையில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போதும் கத்தி என் கையில்தான் இருக்கும்.

ஊர் ஊராகப் போனால் வேறு அனுபவங்கள் கிடைக்கும். டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கோயில் அடித்தளத்தில் புடைத்து நிற்கும் குமுதப்படையில் எழுத்துக்கூட்டிக் கொண்டிருப்பேன். அந்த எழுத்தில் புள்ளி கிடையாது, "க" என்றும் படிக்கலாம் "க்" என்றும் படிக்கலாம், நடுவில் வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வேறு வந்து படுத்தும். பின்னால் ஒரு பெரியவர் வந்து நிற்பார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "புதையல் எங்க இருக்குன்னு போட்டிருக்கா?" என்பார். ஆடு கொடுத்த கதையைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும் அவருக்கு. அப்புறம் யார் கொடுத்தது, எந்த ஊர்க்காரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிப்பார். டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு "உபயம்" என்று பெயர் எழுதுவதை நாம் எல்லோரும் கிண்டல் செய்கிறோம். நானும் செய்தவன்தான். இப்போது செய்வதில்லை. அந்தக் காலத்து உபயதாரர் பெயரைத்தானே நான் தடவித் தடவிப் படிக்கிறேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எழுத்தை மூடுகிறவர்கள் மேல்தான் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

என் அப்பா சுயமரியாதைக்காரர். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றித்தான் கல்யாணம். அம்மாவைச் சைக்கிளில் கோயிலுக்குக் கூட்டிவந்து, வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். அம்மாவும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அம்மா ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். நிரந்தரக் கட்டளை. ஒரு தொகையைக் கோயிலில் கட்டிவிட்டால் அதன் வட்டியிலிருந்து வருடம் ஒருமுறை குறிப்பிட்ட நாளில் அர்ச்சனை. பொலிசைதான், வேறென்ன? இப்போது கிடைக்கிற வட்டிக்குத் தேங்காய், பூ, தட்சிணை எல்லாம் எத்தனை வருடம் தாங்கும் என்று பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்காது. சொல்லவில்லை. வாரிசு கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன்.

பெயர் எழுதியாகிவிட்டது. அடுத்து நட்சத்திரம். "அப்பாவுக்குத்தான் ஜாதகமே கிடையாதேம்மா" என்றேன்.

"உத்திரம்னு போடு."

"எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க அம்மா பொறந்த தேதி கேட்டுப் பார்த்து வச்சுட்டாங்க" என்றார். "உங்கப்பாவுக்குத் தெரியாது."