பழையதை விடச் சொல்லிக் கராத்தே கேட்கவில்லை

கேள்வி: முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தபோது எனக்குப் பத்து வயது. அண்ணா அப்போது காணாமல் போனவர். இப்போது வேலை, லீசிங், வீட்டுக் கடன் என்று ஓடுகிறேன். மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று கராத்தே வகுப்பில் சேர்ந்து ஒரு வருடமாகிறது. “நிகழ்காலத்தில் வாழப் பழகு, பழையதை விடு” என்று மாஸ்டர் அடிக்கடி சொல்கிறார். என்னால் முடியவில்லை. யாராவது முகத்துக்கு நேரே குத்தினால் கண்ணை மூடிக்கொள்கிறேன். இரவில் பழையதெல்லாம் வருகிறது. அம்மா இன்றைக்கும் அண்ணாவின் படத்தோடு போராட்டத்துக்குப் போகிறார். நிகழ்காலத்தில் வாழத் தியானம் போதாதா? எதற்கு அடிபட வேண்டும்? வகுப்பை விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, உங்கள் மாஸ்டர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். நிகழ்காலத்தில் நிற்கப் பழக்குவது அவருடைய வேலை. அதைச் சொல்லவும் கற்றுத்தரவும் அவருக்கு உரிமை இருக்கிறது. பழையதை விடச் சொல்வது அவருடைய பாடத்தில் கிடையாது. காணாமல் போன அண்ணாவை விட்டுவிடு என்று சொல்ல அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் உரிமையில்லை, அரசாங்கத்துக்கும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்கள் தலையில் ஏற்றிவிட்டதால்தான், ஒரு வருடம் ஒழுங்காகப் பயின்ற பிறகும் பெயில் விட்டவர் மாதிரி எழுதுகிறீர்கள்.

முதலில் வகுப்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இப்போன் குமித்தே என்ற இருவர் பயிற்சியை நீங்கள் செய்திருப்பீர்கள். தாக்குகிறவர் முன்கூட்டியே “ஜோதான்” என்று அறிவித்துவிடுவார். குத்து முகத்துக்குத்தான் வரப்போகிறது. எந்தக் கை, எந்த இடம், எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: எப்போது என்பது. இந்தப் பயிற்சியின் முழு அறிவும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வரப்போகிறதே என்று அவசரப்பட்டுக் கையை உயர்த்தினால் வெறும் காற்றைத் தடுப்பீர்கள். அவர் ஆறுதலாக, நீங்கள் கையை இறக்கிய பிறகு குத்துவார். போன தடவை பிழையாகிப்போனதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் கை பிந்தும். கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையவே ஏறக்குறைய கால் நொடி வேண்டும். அதில் பாதியை யோசனைக்குக் கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. வருமுன் அசைந்தால் நீங்கள் நாளையில் நிற்கிறீர்கள், வந்த பிறகு அசைந்தால் நேற்றில் நிற்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, எதிரே நிற்பவரின் கை அந்த இடத்திலேயே சொல்லிவிடும்.

தியானம் போதாதா என்று கேட்டீர்கள். போதுமானவர்களுக்குப் போதும். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தவனின் மனம் கொடிகாமம் வரை போய்ச் சந்தையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம், அது போனதே அவனுக்குத் தெரியாமல் பத்து நிமிடம் கழிந்திருக்கும். குமித்தேயில் அரை நொடியில் தெரிந்துவிடும். அடிபடுவதற்காக யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. மனம் போன நேரத்தை உடனுக்குடன் காட்டித்தர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள்தான் எதிரே நிற்கிறார். குனிந்து வணங்கிவிட்டுத் தொடங்குவது அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானில் தக்குவான் என்ற ஜென் துறவி, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு வாள் கற்பித்த யாக்யு முனெனோரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எதிரியின் வாளில் மனம் நின்றுவிட்டால் அந்த வாள் உன்னை வெட்டும், உன் சொந்த வாளில் நின்றாலும் அதே கதிதான், வெட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் நின்றாலும் அதேதான் என்பது அதன் சாரம். மனத்தை ஓரிடத்திலும் நிறுத்தி வைக்காதே, அப்போது அது உடம்பு முழுக்கப் பரவி இருக்கும் என்கிறார். நம் ஊரில் சிலம்படி தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். சுழல்கிற கம்பைக் கண்ணால் பிடித்துவிட முடியாது. கம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அடி விழுந்த பிறகுதான் கம்பு எங்கே இருந்தது என்று தெரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: கண்ணை மூடிக்கொள்கிறேன் என்பது. முகத்துக்கு ஏதாவது பாய்ந்து வந்தால் எந்தப் புதியவனும் கண்ணை மூடுவான், அது உடம்பின் இயல்பு. ஒரு வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது என்றால், உங்கள் உடம்பு வேறொரு பள்ளியில் முன்பே படித்துவிட்டது என்று அர்த்தம். குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்த உடம்பு அது. அந்த மாதங்களில் நாம் எல்லோரும் நிகழ்காலத்தில்தானே வாழ்ந்தோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்போது நம் காது முழுக்க அடுத்த ஷெல்லில் இருந்தது. எங்கே விழும், யார் மேல் விழும் என்பதைத் தவிர வேறொன்றும் மனத்தில் இல்லை. பயம் எப்போதும் அடுத்த நொடியில்தான் குடியிருக்கும். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவனுக்கு ‘இந்தக் கணம்’ என்பது எவ்வளவு புதிய இடம் என்பதை வெளியூரில் இருந்து வந்து அறிவுரை சொல்பவர்கள் யோசிப்பதில்லை.

இங்கேதான் கராத்தே உங்களுக்கு உதவலாம். ஒழுங்காகக் கற்பிக்கும் வகுப்பில் முகத்துக்கு வரும் குத்து, தோலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும். நிறுத்தத் தெரியாதவனை நல்ல மாஸ்டர் சோடிப் பயிற்சிக்கு விடமாட்டார். அந்த நிறுத்தத்தைக் கண்ணைத் திறந்து பாருங்கள். முகத்தை நோக்கி ஒன்று வேகமாக வருகிறது, வந்து நிற்கிறது, கை பின்னால் போகிறது, எதிரே இருப்பவர் உங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். அப்படியொன்று நடக்க முடியும் என்பதே உங்கள் உடம்புக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்தால் நம்பாது. மெதுவாக, பாதி வேகத்தில், பலமுறை பார்க்க வேண்டும். முழு வேகத்தில் குத்தி “கண்ணைத் திற, கண்ணைத் திற” என்று கத்துவதால் ஒன்றும் ஆகாது. அது பழைய பாடத்தையே திரும்பப் படிப்பிக்கிற வேலை.

அப்புறம், பழையதை விடுவது பற்றி. கராத்தே பிறந்த ஊரைப் பற்றி உங்கள் வகுப்பில் சொல்லித்தந்தார்களா? ஒகினாவா, ஜப்பானின் தெற்கே உள்ள ஒரு சிறிய தீவு. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டு படைகளுக்கு நடுவில் சிக்கியது. சனம் குகைகளுக்குள் ஒளிந்தது, பிறகு தெற்கே தள்ளப்பட்டது, கடைசியில் கடல் விளிம்பில் மபுனி என்ற இடத்தில் எல்லாம் முடிந்தது. தீவு மக்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் இறந்தார்கள். மாத்தளனும் வட்டுவாகலும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

கோஜு ரியூ என்ற கராத்தே பாணியை உருவாக்கிய மியாகி சோஜுன் அந்தப் போரில் தன் பிள்ளைகளில் சிலரையும், தனக்குப் பிறகு எடுத்து நடத்துவார் என்று நம்பியிருந்த மூத்த மாணவரையும் இழந்தார். போர் முடிந்த பிறகு தன் வீட்டு முற்றத்தில் மறுபடியும் கற்பிக்கத் தொடங்கினார், 1953இல் இறக்கும்வரை கற்பித்தார். இழந்தவர்களை மறந்துவிட்டுத்தான் அவர் முற்றத்தில் இறங்கினார் என்று யார் சொல்வார்கள்? அதே மபுனியில் 1995 ஜூன் 23 அன்று கறுப்புக் கல் சுவர்களைத் திறந்தார்கள். இறந்தவர் எந்த நாட்டவர், எந்தப் படை, சாதாரண சனமா என்று பிரிக்காமல் ஒவ்வொரு பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். இன்று 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு ஜூன் 23இலும் குடும்பங்கள் பூவும் தண்ணீரும் கொண்டுவந்து பெயரைத் தேடி, விரலால் தடவிப் பார்க்கின்றன. அதே தீவில் அதே மாலையில் பிள்ளைகள் கராத்தே வகுப்புக்கும் போகிறார்கள். இந்தக் கலையை நமக்குத் தந்தவர்களே பழையதை விடவில்லை. உங்கள் மாஸ்டர் எங்கிருந்து அதைக் கொண்டுவந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருக்கும் அந்தத் தாய்மாரைக் கடந்தகாலத்தில் வாழ்கிறவர்கள் என்று நினைக்காதீர்கள். மகன் எங்கே என்ற கேள்விக்கு இன்றைக்கும் விடை வரவில்லை, அதனால் அந்தக் கேள்வி இன்றைய கேள்வி. அம்மா இன்றைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவரைப் பார்த்து நீங்கள் குற்ற உணர்வு கொள்ளவோ அவரைத் திருத்தப் பார்க்கவோ வேண்டாம். முடிந்த நாளில் கூடப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள்.

லீசிங்கும் கடனும் மனத்தை இழுப்பது இயற்கை. நிகழ்காலத்தில் வாழ்வது என்றால் நாளையை யோசிக்கக் கூடாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தை நம்பி விதைக்கிற விவசாயி சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானமாகும்போது முழுக் கவனத்தோடு நாளையைத்தான் யோசிக்கிறார். அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அதை மட்டும் செய்கிறார். நீங்கள் தவணைக் கணக்கை ஜோதான் குத்தின் நடுவிலும், குத்தை நித்திரையின் நடுவிலும் செய்துகொண்டிருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மாலை கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். மிச்ச நாளில் அது உங்கள் வகுப்புக்குள் வரும் வாய்ப்புக் குறையும்.

பட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நிறப் பட்டி எப்போது என்று எண்ணிக்கொண்டு வருகிற பிள்ளைகளையும், முகநூலில் சான்றிதழ்ப் படம் போடுவதற்காகவே பரீட்சை வைக்கிற வகுப்புகளையும் பார்க்கிறேன். அங்கே யாரும் எந்தக் கணத்திலும் நிற்கப்போவதில்லை. உங்கள் வகுப்பு அப்படியென்றால் வேறு வகுப்புப் பாருங்கள்.

வகுப்பை விடலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். மாஸ்டரிடம் தனியாகப் போய், “எனக்கு முகத்துக்கு வரும் குத்து மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, 2009இல் நான் அங்கே இருந்தேன்” என்று நேராகச் சொல்லுங்கள். வன்னியில் வகுப்பு நடத்துகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது, தேவைப்பட்டால் அவரிடம் படிக்கத் தேவையில்லை. சில மாதங்கள் சோடிப் பயிற்சியைக் குறைத்து, எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கத்தாவைக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் பாணி கோஜு ரியூ என்றால் சஞ்சின் என்ற கத்தா இருக்கும்: பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரையைக் கால்விரலால் பற்றிக்கொண்டு, மூச்சைக் கேட்டபடி, ஒரு அடி, இன்னொரு அடி. ஷோட்டோகான் பாணி என்றால் ஹெயான் ஷோடான் என்ற ஆரம்பக் கத்தாவையே பாதி வேகத்தில் செய்யுங்கள். பிறகு சோடிக்கு வரும்போது நீங்கள் நம்புகிற ஒருவரோடு மட்டும் தொடங்குங்கள்.

இரவில் வருவதைக் கராத்தே தனியாகத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். நித்திரை தொடர்ந்து கெட்டால், சத்தங்களுக்கு உடம்பு பதறிக்கொண்டே இருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கே போவதைப் பற்றி மாஸ்டரிடமும் சொல்லுங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள்.